விட்டவன் பெயர் இல்லாத சொல்

1

இந்தக் கதை ஒரு தோள்பட்டையில் தொடங்கியது. இறங்கிப்போன தோள்பட்டை. நான் கடல் கடந்த ஒரு காட்டு நாட்டில், மரோனி ஆற்றின் மேல்பகுதியில், ரோடு எட்டாத ஒரு கரையில், மருந்தகத்து நர்ஸ். காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு வேலைக்கு வந்து, ஊர் திரும்பும் பேச்சையே எடுக்காமல் தங்கிவிட்டவள். ஆறு கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பிலிமாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவனுடைய வலது கை, வேறு யாருடையதையோ இரவல் வாங்கி மாட்டியது போலத் தொங்கியது.

தோளை ஏற்றும்போது எப்பேர்ப்பட்ட ஆளும் ஊரைக் கூட்டிவிடுவான். பிலிமா கத்தவில்லை. ஒரே ஒரு சொல்லைச் சொன்னான்.

"என்ன சொன்னே?" என்றேன்.

"நான் சொல்லலக்கா. மச்சான் சொன்னது."

மச்சான் என்றது அசிவேயை. பிலிமாவின் தங்கை மாசிலியின் புருஷன். அந்த நேரத்தில் அவன் ஆற்றுக்குள் எங்கோ இருந்தான். கீழே, மணல் திட்டில், பிறகுதான் கிடைத்தான்.

(மச்சான் என்று எழுதும்போது மட்டும் எனக்குத் தடுமாற்றமே வரவில்லை. இங்கேயும் மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள்தான். தங்கை புருஷனை இவர்கள் கூப்பிடும் சொல்லைக் கழற்றிவிட்டு நம்முடையதை மாட்டினால் அச்சாகப் பொருந்துகிறது. கேலியும் அதே கேலி. தடுமாற்றமெல்லாம் அந்த இன்னொரு சொல்லில்தான்.)

2

முதல் தொடக்கம்:

"என்னை விட்டுட்டியே மச்சான்!" என்று அசிவே கத்தினான். பிலிமாவின் கை வெறுமையாக...

அடித்துவிட்டேன். கதை தொடங்கிய கையோடு பிலிமா பாவியாகிவிட்டான்.

இரண்டாம் தொடக்கம்:

"உன்னை நான் விட்டுட்டேன் மச்சான்!" என்று அசிவே கத்தினான். தன்னோடு அவனும் போய்விடக் கூடாது என்று...

இதையும் அடித்தேன். அசிவேக்கு மாலை போட்டாயிற்று, பிலிமாவுக்கு மன்னிப்பும் ஆயிற்று. அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம்.

மூன்றாம் தொடக்கம்: அசிவே ஏதோ கத்தினான்.

இது பித்தலாட்டம். அவன் 'ஏதோ' கத்தவில்லை. தெளிவாக ஒரு சொல்லைச் சொன்னான். பிலிமா தெளிவாகக் கேட்டான். கேட்டும் தெரியவில்லை என்பதுதான் கதை.

விஷயம் இதுதான். இவர்கள் பேசுவது கரீபு மொழிக்குடும்பத்துப் பேச்சு. தமிழில் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தால் ஆள் தெரியும்: வந்தேன், வந்தாய், வந்தான். இங்கே ஆள் வினையின் தலையில், முதல் ஒலியாக, உட்கார்ந்திருக்கிறான். ஆனால் செய்தவனுக்குத்தான் அந்த இடம் என்று சட்டமில்லை. நான் மீனைப் பிடித்தால் தலையில் நான். மீன் என்னைக் கடித்தாலும் தலையில் நான்தான், கடிபட்டவளாக. நானோ நீயோ இருக்கிற பந்தியில் அவனுக்கும் அவளுக்கும் அதுக்கும் இலை கிடையாது. இது வரைக்கும் எனக்குப் புரிந்துவிட்டது.

நானும் நீயும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்தால்? யாருக்கு முதல் இலை? இந்த மொழி சண்டையே வேண்டாமென்று இருவருக்கும் சேர்த்து ஒரே ஒலியைப் போட்டுவிடுகிறது. என் காதில் அது 'கு' என்று விழும். நான் உன்னைப் பார்த்தேன் என்றாலும் கு. நீ என்னைப் பார்த்தாய் என்றாலும் அதே கு. நமக்குள் ஒரு பார்வை நடந்தது, அவ்வளவுதான்.*

* 'அப்படியானால் இவர்கள் எப்படிப் பிழைப்பு நடத்துகிறார்கள்?' என்று கேட்பீர்கள். சுகமாக நடத்துகிறார்கள். யார் யாரைப் பார்த்தது என்பது எதிரே நிற்கிறவர்களுக்குத் தெரியாதா? சந்தேகம் வந்தால் 'நான்' என்றோ 'நீ' என்றோ ஒரு சொல்லைத் தனியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு மூச்சு போதும். அசிவேயிடம் அந்த ஒரு மூச்சு இல்லை.

3

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அசிவேயின் ஊர், ஆறு பாறைகளுக்கு நடுவே இரைந்து பாயும் பாறைத்துறைக்கு மேலே இருக்கிறது. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அப்படி வந்தவன் அவன். அம்மா குலிவா மட்டும் மேலேயே இருந்தாள். அன்று அவளுக்குப் புகைபோட்ட மீனும் மரவள்ளி அப்பமும் எடுத்துக்கொண்டு மச்சான்கள் இருவரும் புறப்பட்டார்கள். படகின் முன்நுனியில், அணியத்தில், கழியோடு அசிவே. பின்னால் இஞ்சினில் பிலிமா.

"மச்சான், உன் தங்கச்சி சுட்ட அப்பத்தப் பாத்தியா? இதத் தின்ன பல்லு போதாது, கோடாலி வேணும்."

"அதான் தினமும் அடுக்கடுக்கா முழுங்குறியா?"

"பயந்துதான் முழுங்குறேன். மிச்சம் வச்சா என் தலையில போடுவா. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் அதே கை."

பிலிமா துடுப்பால் தண்ணீரை அள்ளி மச்சான் முதுகில் அடித்தான். அசிவே திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் திரும்பிய நேரத்தில்தான்...

(அவன் திரும்பிய நேரத்தில்தான் இஞ்சினின் விசிறி பாறையில் இடித்தது என்று எழுத வந்தேன். பிலிமா அப்படிச் சொல்லவில்லை. அவன் சிரித்து முடித்து, திரும்பி, கழியைக் கையில் எடுத்த பிறகுதான் இடித்தது. கேலிக்கும் சாவுக்கும் முடிச்சுப் போடுவது என் கையின் பழக்கம். அவிழ்த்துவிட்டேன்.)

இஞ்சின் நின்றது. படகு குறுக்கே திரும்பியது. தண்ணீர் ஒரு பக்கமாக ஏறிக் கவிழ்த்தது. பிலிமாவின் இடது கையில் ஒரு வேர் அகப்பட்டது. கரையிலிருந்து ஆற்றுக்குள் நீண்டிருந்த மரவேர். வலது கையில் அசிவே அகப்பட்டான். இவன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான், அவன் இவன் மணிக்கட்டைப் பிடித்தான். நடுவில் ஆறு இழுத்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "தோள் கழல்ற வரைக்கும்" என்றான். கழன்றதும் கை இருப்பதே தெரியவில்லை. விரல் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் உண்டு. பார்க்க முடியாமல் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அசிவே அதைச் சொன்னான். தலையில் 'கு', பின்னால் விடுவது என்ற வினை. வாலில் ஏதாவது இருந்திருந்தால் அதை அலை தின்றுவிட்டது.

முகத்தில் அடித்த தண்ணீர் விலகியபோது பிலிமாவின் கையில் யாரும் இல்லை.

4

இந்த இடத்தில் எனக்குப் பிலிமாமேல் சந்தேகம் வருகிறது. நல்லவன்தான். ஆனால் கதாபாத்திரமாக? 'தெரியல' என்பதைத் தவிர வேறு வசனமே இல்லாத ஒருவனை எத்தனை பக்கம் தூக்கிச் சுமப்பது? ஒருவேளை அவனே கையை விட்டிருந்தால்? பொய் சொல்ல மனம் வராமல், உண்மை சொல்லத் தைரியமும் வராமல், இரண்டுமில்லாத ஒரு சொல்லைச் செத்தவன் வாயில் வைத்திருந்தால்?

வலது மணிக்கட்டில் கன்றிப்போன விரல் தடங்கள் இருந்தன. நான் மருந்து தடவினேன். அசிவே இறுகப் பிடித்திருந்தான் என்பதற்கு அவை சாட்சி. பிடித்த கை தடம் பதிக்கிறது. விடுகிற கை எங்கே பதிக்கிறது?

தமிழிலேயே ஒரு வழி கிடைத்த மாதிரி நடுவில் ஒரு நாள் துள்ளினேன். எழுத்தில்தான் விட்டுவிட்டேன், விட்டுவிட்டாய். பேச்சில் 'விட்டுட்டேன்', 'விட்டுட்டே'. அந்தக் கடைசி 'ன்'னை நம்மில் எத்தனை பேர் வாய் திறந்து சொல்கிறோம்? மூக்குக்குள் ஒரு முனகல், அவ்வளவுதான் வித்தியாசம். பாறைத்துறையின் இரைச்சலில் மூக்கொலி கேட்குமா? ஆகா, இதுதான் என்று எழுதிப் பார்த்தேன்: "விட்டுட்டே..." என்று அசிவே கத்தினான்.

படித்துப் பார்த்தால், எழுத்துப்பிழை மாதிரி இருந்தது. அதோடு, நம் தடுமாற்றம் காதில். அவர்கள் தடுமாற்றம் காதில் இல்லை. மொழிபெயர்க்கத் தெரியாதவள் காரைக்கால்காரி மட்டும்தான் என்றால் பிரச்சினையில்லை. பிலிமாவுக்கும் தன் தாய்மொழியிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துத் தனக்கே சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

அசிவேயைப் புதைத்தார்கள். மாசிலி தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். அண்ணனுக்கு எப்போதும் போல மீன் சாறு ஊற்றி வைத்தாள், ஆனால் முகம் பார்த்து வைக்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாளாம்.

"'நான்'னு தனியாச் சொன்னாரா? இல்ல 'நீ'ன்னு தனியாச் சொன்னாரா?"

"மூச்சு இல்ல மாசிலி. அவனுக்கு மூச்சே இல்ல."

"ஒனக்கு எப்படிப் பட்டுச்சு?"

"காலைல ஒரு மாதிரி படுது. சாயங்காலம் ஒரு மாதிரி படுது."

5

பிறகு குலிவா வந்தாள். தான் படுக்கும் தூளியைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு, யாருடைய படகிலோ ஏறி, மேலாற்றிலிருந்து வந்து இறங்கினாள். பிலிமா வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். மரவள்ளிக் கள் நீட்டினார்கள், வாங்கவில்லை. வாங்காதது ஊருக்கே கேட்டது. அந்தப் பக்கம் போனவர்களெல்லாம் நின்றார்கள். என் மருந்துப்பெட்டியோடு நானும் நின்றேன்.

"என் பிள்ளை போறப்ப பக்கத்துல இருந்தவன் நீதான்," என்றாள். "என்ன சொன்னான்?"

பிலிமா அந்தச் சொல்லைச் சொன்னான்.

"முழுசாச் சொல்லு."

"அவ்வளவுதான் அத்தை."

"யாரு யார விட்டா?"

"தெரியல அத்தை."

"கை ஒன்னுதுதானே? எங்கிட்ட இரவல் வாங்குனியா?"

"மரத்துப்போச்சு அத்தை. கை இருக்கா இல்லையான்னே தெரியல."

குலிவா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுகிறேன். கூட்டத்தில் குலிவாவின் சொந்தக்காரர்கள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். இந்த ஆற்றில் சாவு சும்மா வருவதில்லை. யாராவது ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். ஆள் அகப்பட்டுவிட்டால் அப்புறம் அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் மேலாற்றில் இறங்க இடமில்லை. சில சமயம் கீழாற்றிலும் இல்லை.

மரவள்ளி சீவிக்கொண்டிருந்த மாசிலி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நீங்க ரெண்டு பேரும் தப்பாக் கேக்குறீங்க. அவரு அண்ணனையும் சொல்லல, தன்னையும் சொல்லல. நம்மள விட்டுடுச்சுன்னு சொல்லிருக்காரு."

இதற்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. அதுதான் எனக்குத் தலை சுற்றிய இடம். நீயும் நானும் சேர்ந்த 'நம்மை'க்கும் தலையில் அதே மாதிரி ஓர் ஒலிதான். மூன்றாவதாக ஒன்று நம் இருவரையும் ஏதாவது செய்தால், அந்த மூன்றாவதுக்கு இலை கிடையாதே. தலையில் நாம் மட்டும்தான் இருப்போம். செய்தது யார் என்று வாலிலோ பக்கத்துச் சொல்லிலோ தேட வேண்டும். வாலை அலை தின்றுவிட்டது.

"எது விட்டுச்சு?" என்றாள் குலிவா. "ஆறா? ஆறு எங்கடி விடும்? ஆறு பிடிக்கத்தானே செய்யும்."

"வேர். அண்ணன் பிடிச்சிருந்த வேர். அது விட்டுருக்கும்."

"நீ அங்க இருந்தியா?"

"இல்ல. ஆனா எம் புருஷன் பேச்சு எனக்குத் தெரியாதா? கோவம் வந்தாக்கூட 'நீ'ங்க மாட்டாரு. 'நம்ம வீட்ல உப்பு இல்ல'ம்பாரு. உப்பு வாங்க மறந்தது நானா இருக்கும்."

கூட்டம் அசைந்தது. 'வேர்' என்று ஒருவர் சொன்னார். 'வேர்தான்' என்று இன்னொருவர். கதவு திறந்துவிட்டது. பிலிமா தலையை ஆட்டினால் போதும், வெளியே வந்துவிடலாம். எழுதுகிற எனக்கும் கை பரபரத்தது. மூன்று பேரையும் காப்பாற்றி, இலக்கணத்தையும் காப்பாற்றும் முடிவு இதைவிட அழகாகக் கிடைக்காது.

பிலிமா தங்கையைப் பார்த்தான். பிறகு குலிவாவைப் பார்த்தான்.

"வேர் விடல அத்தை," என்றான். "நான் கரையேறுனதே அந்த வேரப் பிடிச்சுத்தான். இப்பவும் அங்கதான் இருக்கு."

மாசிலி கத்தியை எடுத்து மறுபடி சீவ ஆரம்பித்தாள். "முட்டாப்பய," என்றாள், கிழங்கைப் பார்த்து.

குலிவா அவன் தோளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஊசிக்காரி, இவன் தோள் எப்ப ஆறும்?"

"கொஞ்ச நாள் ஆகும்."

"ஆறட்டும். அதுவரைக்கும் இங்கயே தூளி கட்டிக்கிறேன். ஆறுனதும் இவன்தான் என்னை ஊர்ல கொண்டுபோய் விடணும். வேற யாரும் வரக் கூடாது."

அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். உண்மை பேசியதற்கு மரியாதை என்றார்கள் சிலர். பாறைத்துறையில் வைத்துக் கேட்கப் போகிறாள் என்றார்கள் சிலர். நான் இரண்டையும் எழுதிவிட்டு, இரண்டின் மேலும் கோடு போட்டேன்.

6

அவள் தங்கியிருந்த நாட்களை ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். கிழவி இளகுகிற மாதிரியே வந்துகொண்டிருந்தது. நிஜத்தில் அவள் இளகவில்லை. பிலிமாவுக்குக் கை முடங்கியிருந்ததால் மீனில்லாத சாற்றைக் குடித்துவிட்டு, "இந்த வீட்டு ஆம்பளைக்குத் தண்ணியக் கண்டா பயம் போலருக்கு," என்பாள். அவன் தலை குனிந்து சிரிப்பான். இன்னொரு நாள் அவன் தோளைப் பிடித்து உருவிவிட்டதும் அவள்தான். எண்ணெய் சூடு தாங்காமல் அவன் துள்ளினான். "ஆடாதே, சனியனே" என்று முதுகில் ஓர் அறை விட்டாள். இதையெல்லாம் எந்தப் பக்கம் சேர்ப்பது?

தோள் ஆறியது. ஆறும் வடிந்தது. மூன்று பேரும் புறப்பட்டார்கள்: பிலிமா, குலிவா, 'நானும் வருவேன்' என்று யார் பேச்சையும் கேட்காமல் ஏறிய மாசிலி. நான் போகவில்லை. இனி நான் எழுதுவது அவர்கள் சொன்னதுதான்.

வடிந்த காலத்தில் பாறைத்துறையை இஞ்சினால் ஏற முடியாது. எல்லோரும் இறங்கிப் பாறைமேல் நடக்க வேண்டும். வெறும் படகைக் கயிறு கட்டி மேலே இழுக்க வேண்டும். பிலிமா கயிற்றை எடுத்தான். மாசிலி மூட்டையோடு இறங்கினாள். குலிவா இறங்கவில்லை.

"அத்தை, எறங்குங்க."

"மாட்டேன்."

"ஆள வச்சுக்கிட்டு இழுக்க முடியாது அத்தை."

"எம் பிள்ளை இதுல எறங்கி நடந்தானா? அவன் ஒக்காந்து போன எடத்துல நானும் ஒக்காந்துதான் போவேன். நீ இழு."

மாசிலி கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். கிழவி படகின் நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு, பிலிமாவின் முகத்தையே பார்த்தாள். அசிவேயைத் தின்ற தண்ணீர் அவளுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றின் ஒரு நுனி படகில். மறுநுனி பிலிமாவின் கையில்.

அவன் இழுத்தான்.

பாதி தூரம் படகு ஏறியது. அங்கே நீரோட்டம் அணியத்தைப் பிடித்துத் திருப்பியது. அவன் கால் பாசியில் வழுக்கியது. கயிறு கைக்குள்ளேயே ஓடியது, தோலை உரித்துக்கொண்டு ஓடியது.

பிறகு கயிறு நின்றது.

7

'கயிறு நின்றது.' எவ்வளவு வசதியான வாக்கியம். செய்தவனும் இல்லை, செய்யப்பட்டவனும் இல்லை. ஆனால் கயிறு தானாக நிற்குமா? நான் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.

மாசிலி சொன்னது: "அண்ணன்தான் நிறுத்துனாரு. ரத்தம் கொட்டுது, பல்லக் கடிச்சுக்கிட்டு, அதே தோளக் கொடுத்து நிறுத்துனாரு. எங்கண்ணால பாத்தேன்."

பிலிமா சொன்னது: "நான் எங்கக்கா? எங்கையில ஒண்ணுமே இல்ல அப்ப. மாசிலி பின்னால வந்து கயித்துல விழுந்தா. அவதான் பிடிச்சா."

"நான் மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு நின்னேன்!" என்றாள் மாசிலி, இதைப் போய்ச் சொன்னபோது. "மூட்டைய விட்டுட்டு ஓடுனேன்தான். ஆனா நான் போறதுக்குள்ள நின்னுடுச்சு. நின்னுச்சா, நான் போனப்புறம் நின்னுச்சா... இருங்கக்கா, கொழப்பாதீங்க."

படகு ஏறிவிட்டது. அதில் குழப்பம் இல்லை. குலிவா கரையில் கால் வைத்தாள். மேலே போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கும் இருக்கிறாள். பிலிமா ஒரு மழைக்காலம் முழுக்க அவள் ஊரிலேயே தங்கி, அசிவே அரைகுறையாக விட்டுவந்த வீட்டுக்குக் கூரை போட்டான். அவளாகத் தங்கச் சொன்னாளா, அவனாகத் தங்கினானா என்று தெரியவில்லை. மேலாற்றில் யாரும் அவனை இறங்க வேண்டாமென்று சொல்லவில்லை. மாசிலி இப்போது அண்ணனுக்கு முகம் பார்த்துச் சாறு ஊற்றுகிறாள்; திட்டிக்கொண்டேதான் ஊற்றுகிறாள். ஆனால் பிலிமா அந்தச் சொல்லை இன்னும் காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும்தான் கேட்கிறான்.

தடுப்பூசி போட மேலே போனபோது கடைசியாகக் குலிவாவிடம் கேட்டேன். அவள் அப்பக்கல்லில் மாவைப் பரப்பிக்கொண்டிருந்தாள். "யாரு பிடிச்சது அத்தை?"

"நான்தான். கழிய எடுத்துப் பாறையில ஊனுனேன். அவன் என்னப் பிடிச்சானா? நான் பிடிக்காட்டி கயித்தோட அவனும்ல தண்ணிக்குள்ள வந்திருப்பான்."

"கழி மூட்டையோட கரையில இருந்துச்சுன்னு மாசிலி சொல்றாளே?"

"அப்ப அவளையே கேளு."

"அவளுக்கும் தெரியலையாம்."

"எதுக்கு இம்புட்டு கேள்வி?"

"கதையா எழுதுறேன். எங்க பாஷைல."

அவள் அப்பத்தைத் திருப்பிப் போட்டாள். ஆவி அடங்கும் வரை காத்திருந்தாள். "ஒங்க பாஷைல, ஆளச் சொல்லாம ஒரு வேலையும் சொல்ல முடியாதுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா."

"அப்பறம் என்ன? அங்க இதப் படிக்கிறவன் இருப்பான்ல, அவன் ஒருத்தன ஆளாப் போட்டு முடிச்சுக்கிறட்டும். எங்களுக்கு வேலை கெடக்கு."

அன்றிலிருந்து இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வால் மட்டும் பாக்கி. எடுத்துக்கொள்ளுங்கள்:

பாறைத்துறையில், கயிறு ஓடிக்கொண்டிருந்தபோது, பிடித்